எடுத்துடு

மோட்டார் விஷயத்தில் சித்தையனுக்கு யாரும் எதுவும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படித்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார், அன்று பகல் ஒரு மணி வரைக்கும். ஹனூர்ப் பக்கத்துத் தமிழ்க் கிராமத்தில் யார் தோட்டத்தில் மோட்டார் மக்கர் பண்ணினாலும் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போவார். மோட்டார்மேல் காதை வைத்துக் கேட்பார். "பேரிங் போச்சு" என்றோ "ஒரு லைன் வரலை" என்றோ தீர்ப்புச் சொல்லிவிட்டு, கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு வருவார். பாதி நேரம் தீர்ப்பு சரியாகவும் இருக்கும். மீதிப் பாதியை ஊர் மறந்துவிடும், அதற்கு முன்னால் அவர் மறந்திருப்பார்.

அப்பேர்ப்பட்டவர் மைசூருவுக்கு வந்தால் சும்மா இருப்பாரா? ஹெப்பாள் தொழிற்பேட்டையில் மஞ்சுநாத்தின் பட்டறையில், தான் சொல்லிச் செய்த மஞ்சள் பாலீஷ் டிரம்மைப் பெண் பார்க்க வந்தவர் மாதிரி சுற்றிச் சுற்றி வந்தார். ஆள் உயரத்துக்கு எட்டுப் பட்டையாக, சல்லடை போலத் துளை போட்ட தகடால் செய்த டிரம் அது. வேகவைத்துக் காயவைத்த மஞ்சளை உள்ளே கொட்டிச் சுற்றினால் தோல் உரிந்து பளபளவென்று வரும். பழைய டிரம்கள் ஒரே பக்கம்தான் சுற்றும். இது புது மாதிரி. கால் மணி நேரம் இப்படிச் சுற்றும், கால் மணி நேரம் அப்படிச் சுற்றும்.

"ரெண்டு பக்கமும் ஒரே வேகம் இருக்கோணும். ஓட்டிக் காட்டுனாத்தான் வண்டியில ஏத்துவேன்" என்று போனிலேயே சொல்லியிருந்தார்.

மஞ்சுநாத்தும் மற்ற ஆட்களும் வேறொரு டிரம்மை மாட்டிக்கொடுக்கக் குண்டலுபேட்டைக்குப் போயிருந்தார்கள். பட்டறையில் இருந்தது இரண்டே பேர். மோட்டாரைச் சோதித்துத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுகிற மோகனப்ரியா, அவள் கணவன் விஜய்குமார். அவன் ஃபிட்டர். இருவருமே மைசூருவில் பிறந்து வளர்ந்த தமிழர்கள். தங்களுக்குள் தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடித்தார்கள். சித்தையனிடம் மட்டும் முழுத் தமிழ் பேசப் பார்த்தார்கள்.

மோகனப்ரியா மோட்டார் அச்சில் நகக்கண் அளவுக்கு ஒரு பளபளக்கும் பட்டையை ஒட்டினாள். கையடக்கமான மீட்டர் ஒன்றை அதற்கு நேராக நீட்டினாள்.

"அச்சு ஒரு சுத்து சுத்தினா இந்தப் பட்டையில ஒரு தடவை வெளிச்சம் பட்டுத் திரும்பும் ஐயா. நிமிஷத்துக்கு எத்தனை தடவைன்னு மீட்டர் எண்ணிச் சொல்லிடும்."

"எங்கூர்ல நான் காதுலயே எண்ணிப்போடுவேன் அம்மிணி."

"நிமிஷத்துக்கு ஆயிரத்தி நானூறு சுத்தையா?"

விஜய்குமார் திரும்பி நின்று சிரித்தான். சித்தையன் அதைக் காணாததுபோல் இருந்துவிட்டார்.

சுவரில் ஸ்டார்ட்டர் பெட்டி இருந்தது. மேலே ஒரு பச்சைப் பொத்தான், நேராக ஓட. கீழே இன்னொரு பச்சைப் பொத்தான், திருப்பி ஓட. இரண்டுக்கும் நடுவில் சிவப்பு. பெட்டிக்கு அடியில் பீங்கானில் மூன்று ஃபியூஸ் கட்டைகள். அவர் தோட்டத்துப் பெட்டியில் ஒரே பச்சைதான். அதனால் என்ன, பொத்தான் பொத்தான்தானே என்று அவருக்குக் கை பரபரத்தது. தன் மிஷினைத் தானே முதலில் ஓட்ட வேண்டும் என்று ஓர் ஆசை.

"ஐயா, அந்தப் பெட்டிகிட்ட மட்டும் போகாதீங்க" என்றாள் மோகனப்ரியா, அவர் கண் போன இடத்தைப் பார்த்துவிட்டு.

மேல் பச்சையை அமுக்கினாள். டிரம் நிதானமாகச் சுற்றியது, ஐந்து நொடிக்கு ஒரு சுற்று. மோட்டார் நூற்றிருபது சுற்றுச் சுற்றினால் டிரம் ஒரு சுற்று. மீட்டரில் 1438 என்று வந்தது, அசையாமல் நின்றது. எழுதிக்கொண்டாள். சிவப்பை அமுக்கியதும் டிரம் அப்படியே நின்றது. ஒரு விரல் அளவுகூட நழுவவில்லை. உள்ளே மூட்டை மூட்டையாக மஞ்சள் இருக்கும்போது பாரம் சாய்ந்து தானாக உருண்டுவிடக் கூடாது என்று மோட்டாருக்குள் பிரேக் வைத்திருந்தார்கள். மின்சாரம் நின்றதும் கவ்வும். மின்சாரம் வந்தால்தான் விடும்.

பிறகு கீழ்ப் பச்சை. டிரம் எதிர்ப்பக்கம் சுற்றியது. 1436. சரி என்று நினைப்பதற்குள் 'டக்' என்று ஒரு சத்தம், மீட்டரில் 1402. மறுபடி ஏறியது. அடுத்த சுற்றில் மறுபடி டக். மறுபடி இறங்கியது.

"பாத்தீங்களா, பாத்தீங்களா!" சித்தையனுக்குத் தன் மிஷினில் கோளாறு என்பதைவிடத் தான் கேட்டது வீண்போகவில்லை என்பதில்தான் சந்தோஷம். "ஒரு பக்கம் சரியா ஓடுனா போதும்னு ஏத்திவிட்டிருப்பீங்க."

"எங்கியோ உரசுது" என்றான் விஜய்குமார். "கதவுக் கொக்கியா இருக்கும். நேரா சுத்தறப்ப மடங்கிக்கும், திருப்பி சுத்தறப்ப நிமிந்து சட்டத்துல இடிக்கும். பத்து நிமிஷம் குடுங்க, டைட் பண்ணிடறேன்."

சித்தையன் தகரக் கூரையின் வெக்கை தாளாமல் வாசலுக்குப் போனார். விடியற்காலை பஸ்ஸுக்கு எழுந்தவர். சாலையோரம் ஓர் இளநீர் வண்டி நின்றது. ஒன்று வாங்கிக் குடித்து, வழுக்கையைச் சுரண்டித் தின்று, கடைக்காரனிடம் டிரம்மைப் பற்றி நான்கு வார்த்தை பெருமையடித்துவிட்டுத் திரும்பினார். அதற்குள் பத்து நிமிடம் என்ன, கால் மணி ஆகியிருக்கும்.

உள்ளே யாரையும் காணவில்லை.

மோகனப்ரியா பின்வாசலில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள். மஞ்சுநாத்தின் அழைப்பு. தகரக் கூரைக்குள் சிக்னல் எடுக்காது. விஜய்குமாரோ டிரம்மின் மறுபக்கக் கதவைத் திறந்து உள்ளே போய்க் குந்தியிருந்தான். கொக்கியின் நட்டு உள்ளே, போல்ட்டின் தலை வெளியே. வலது கை உள்ளே ஸ்பேனரோடு, இடது கை கதவுவழியாக வெளியே. அப்படித்தான் அதை முறுக்க முடியும். இது எதுவும் சித்தையனுக்குத் தெரியாது. அவர் பார்த்தது ஆளில்லாத பட்டறையையும், தயாராக நிற்கும் தன் டிரம்மையும், பெட்டியில் இரண்டு பச்சைப் பொத்தான்களையும்தான்.

அப்போது டிரம் பக்கமிருந்து குரல் வந்தது. தகரத்தில் மோதி, முன்பாதி கலங்கி, பின்பாதி மட்டும் தெளிவாக வந்தது.

"பிரியா... எடுத்துடு!"

விஜய்குமார் சொன்னது, ஃபியூஸை எடுத்துவிடு என்று. உள்ளே போவதற்கு முன்பே அதைச் செய்திருக்க வேண்டும், மறந்திருந்தான். பாதி வேலையில் நினைவு வந்து, மனைவி பெட்டியருகே இருக்கிறாள் என்று எண்ணிக் கத்தினான்.

சித்தையனின் ஊரிலோ மோட்டாரை யாரும் 'போடுவதில்லை'. எடுத்துத்தான் விடுவார்கள். "மோட்டார எடுத்து உட்டியா?" என்றால் ஓட விட்டாயா என்று அர்த்தம். பிறந்ததிலிருந்து அவர் காதில் விழுந்த பேச்சு அது. விடிந்தால் பொழுதுபோனால் வாய்க்கால் தலைமாட்டிலிருந்து மகள் மனிஷா "அப்பா, எடுத்துடுங்க" என்று கத்துவாள். அவர் பச்சையை அமுக்குவார்.

இப்போதும் அமுக்கினார். மேல் பச்சையை. பையன் டிரம்முக்குப் பின்னால் நின்று சொல்கிறான் என்றே நினைத்தார். முதல் முதலாகத் தன் மிஷினைத் தானே ஓட்டுகிறோம் என்ற பூரிப்பு அவர் முகத்தில் முழுதாக மலரக்கூட இல்லை.

ஒரு அலறல் கேட்டது.

அது மனிதக் குரல் என்று புரிய அவருக்கு அரை நொடி ஆயிற்று. டிரம்முக்குள்ளிருந்து வருகிறது என்று புரிய இன்னொரு அரை நொடி. எப்போது அமுக்கினார் என்று தெரியாது, அவர் கை சிவப்பின்மேல் இருந்தது. டிரம் கால் சுற்றுச் சுற்றி நின்றிருந்தது. துளைகள் வழியே உள்ளே ஏதோ துடிப்பது தெரிந்தது. மாதேஸ்வரா, உள்ளே ஆள்.

பின்வாசலிலிருந்து மோகனப்ரியா ஓடிவரும் சத்தம் கேட்டது. அவள் நான்கு எட்டு வைப்பதற்குள் சித்தையன் பெட்டியைவிட்டு இரண்டு எட்டுத் தள்ளி நின்றுவிட்டார். யோசித்துச் செய்யவில்லை. பயந்த கால் தானாக நகர்ந்தது.

"யாரு போட்டது? யாரு?"

"நான் தொடவே இல்லீங்க அம்மிணி. அதுவே எடுத்துக்கிச்சு. அதுவே நின்னுபோச்சு."

வாயிலிருந்து வந்த பிறகுதான் அது பொய் என்று அவருக்கே உறைத்தது. அவள் அவரைப் பார்க்கக்கூட இல்லை. பாய்ந்து மூன்று ஃபியூஸ் கட்டைகளையும் பிடுங்கினாள். குனிந்து டிரம்முக்கு அடியில் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இடுப்பு உயரத்தில் இருந்த கதவு இப்போது தரைப்பக்கம் இறங்கியிருந்தது. அதன் விளிம்புக்கும் அடிச்சட்டத்துக்கும் நடுவில் விஜய்குமாரின் இடது முன்கை மாட்டியிருந்தது. மணிக்கட்டுக்கு மேலே நான்கு விரற்கடை. தோல் கிழிந்து ரத்தம் சட்டத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. அதைவிடப் பயங்கரம் வெளியே நீண்டிருந்த விரல்கள். அவை அசையாமல், நீலம் பாரிக்கத் தொடங்கியிருந்தன.

"விஜி! விஜி, பேசு!"

"இருக்கேன்." உள்ளேயிருந்து மூச்சு மூச்சாக வந்தது குரல். "கை... தெரியல பிரியா. கை இருக்கற மாதிரியே தெரியல."

அவள் நூற்றெட்டுக்கு அழைத்தாள். தீயணைப்புக்கு அழைத்தாள். முகவரி சொல்லும்போது இரண்டு தடவை நாக்குக் குழறியது. வண்டி வர இருபது நிமிடமாகும் என்றார்கள். டிரம்மைத் தள்ளிப் பார்த்தாள். சித்தையனும் தோள் கொடுத்தார். மலையைத் தள்ளுவதும் ஒன்று, அதைத் தள்ளுவதும் ஒன்று. பிரேக் கவ்வியிருந்தது. மின்சாரம் வராமல் அது விடப்போவதில்லை. சட்டத்தை அறுக்கலாமென்றால் காஸ் கட்டரின் சூடு இரும்பு வழியே நேராக அந்தக் கைக்குத்தான் போகும்.

"ரிவர்ஸ்ல ஒரு தட்டு தட்டு பிரியா" என்றான் விஜய்குமார். "ஒரு ஜாண் நகந்தா வந்துரும்."

"மாட்டேன். பேனல் பெட்டி சரியில்ல விஜி. தானா ஓடியிருக்கு. போன மாசம் உள்ள கரண்ட் குடுக்கற காண்டாக்டர் விடாம ஒட்டிக்கிச்சே, மறந்துட்டியா? நான் தட்டி அது நிக்கலேன்னா? அரை நொடியில கதவோட அந்தப் பக்கம் வந்துரும். கையே..."

அவள் முடிக்கவில்லை. சோதனைத் தாள் அவள் கையில் கசங்கிக் கிடந்தது. ஐந்து நொடிக்கு ஒரு சுற்று. எட்டுப் பட்டையில் ஒரு பட்டை கதவு. திருப்பி ஓட்டினால் இந்த விளிம்பு விலகி, மறு விளிம்பு வந்து அதே இடத்தில் வெட்ட அரை நொடிக்குச் சற்றே கூடுதலான நேரம்தான். பெட்டி சொன்னபடி கேட்டால் அது தாராளம். சொன்னபடி கேட்காத பெட்டியென்றால் கை போய்விடும்.

"என் தப்பு" என்றாள் அவள். சித்தையனிடம் அல்ல, சுவரிடம். "ஃபியூஸ எடுக்காம போன் பேசப் போனேன். நான்தான் இவன..."

சித்தையனுக்குச் சொல்லிவிடலாமா என்று நெஞ்சு வரை வந்தது. வந்த வேகத்தில் வேறொன்றும் கூடவே வந்தது. போலீஸ். தெரியாத ஊர், அரைகுறையாகத் தெரிந்த பாஷை. ஸ்டேஷனில் குந்தவைத்து எழுதச் சொல்வார்கள். இந்தத் தொழிற்பேட்டையில் நூறு பட்டறை, ஒருத்தன் கையை வாங்கியவன் என்று தெரிந்தால் உயிரோடு விடுவார்களா? ஊரில் சிரிப்பார்கள், அது கிடக்கட்டும். ஜெயிலுக்குப் போனால் களத்தில் காயும் மஞ்சளை யார் பார்ப்பார்கள்? மனைவி நாச்சம்மாள் தனி ஆளாக என்ன செய்வாள்? வண்டி வந்துவிடும், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், நாம் சொல்லி ஆகப்போவது என்ன என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். சொல்லிக்கொண்டே வாசல் பக்கம் நகர்ந்தார். வண்டி வருகிறதா என்று பார்க்கப் போவதாகத்தான் நினைத்தார். கை மட்டும் தன் பையை ஆணியிலிருந்து எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டது.

வாசலில் வெயில் கொளுத்தியது. சாலையில் வண்டியும் இல்லை, ஒன்றும் இல்லை. ஐம்பது எட்டு நடந்தால் பஸ் நிறுத்தம்.

உள்ளேயிருந்து அலறல் வரவில்லை. அதுதான் அவரை நிறுத்தியது. வலியில் கத்துகிற மனிதன் திடீரென்று கத்தாமல் போனால் என்ன அர்த்தம்? பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. மோகனப்ரியா வண்டி வருகிறதா என்று பார்க்க ஓடிவந்தாள். தலைமுடி அவிழ்ந்திருந்தது, சுடிதாரில் ரத்தம்.

"வந்துச்சா ஐயா? வந்துச்சா?"

"இல்லீங்க."

"மயக்கமாகறான். விரல் கறுத்துப்போச்சு." அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அந்தப் பெட்டி மட்டும் சரியா இருந்தா ஒரு நிமிஷம் ஆகாது. தானா ஓடற பெட்டிய நம்பி நான் எப்பிடிப் போடுவேன்? நீங்களே சொல்லுங்க."

அவரையே கேட்டாள். அப்போதுதான் சித்தையனுக்கு முழுதாக விளங்கியது. அந்தக் கையை இப்போது பிடித்து வைத்திருப்பது இரும்பு அல்ல, அவர் சொன்ன பொய். பெட்டியில் ஒரு கோளாறும் இல்லை என்று உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். அவர் தோளில் பையை மாட்டிக்கொண்டு நிற்கிறார்.

அவள் பக்கம் திரும்பினார்.

"அம்மிணி... நாந்தான் எடுத்தேன்."

"என்னது?"

"நாந்தானுங்க எடுத்தேன்."

"ஃபியூஸா? நீங்க ஏன் எடுத்தீங்க? நான்தானே புடுங்கினேன், மூணும் என்கிட்ட இருக்கே." அவள் குழம்பிப்போய் மூன்று பீங்கான் கட்டைகளையும் நீட்டிக் காட்டினாள். "எந்த ஃபியூஸ எடுத்தீங்க? எப்ப?"

சித்தையன் திகைத்துவிட்டார். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு குற்றத்தை ஒப்புக்கொண்டால், அது அவளிடம் போய்ச் சேரவில்லை. அந்த ஒரு கணத்தில் அவருக்கு ஒரு கேவலமான எண்ணம் வந்தது. சொல்லியாயிற்று, புரியாதது அவள் பாடு. அது நின்ற நேரம் மிகக் குறைவுதான். வந்தது என்னவோ உண்மை.

"பீஸு இல்லீங்க. மோட்டாரு. உள்ள இருந்து எடுத்துடுன்னு சத்தம் வந்துச்சுங்க. எங்கூர்ல எடுத்துடுன்னா ஓட உடுன்னு அர்த்தம். பீஸ நாங்க புடுங்குன்னுதான் சொல்லுவோம். பட்டன நாந்தானுங்க அமுக்கினேன். மேல் பச்சைய. கத்துனதும் செவப்பையும் நாந்தான் அமுக்கினேன். அமுக்குன உடனே நின்னுச்சு. பெட்டி நல்லா இருக்குது அம்மிணி. உங்க பெட்டி நல்லா இருக்குது."

அவள் அவரைப் பார்த்தாள். அடிப்பாள் என்று நினைத்தார். அடித்திருந்தால் தேவலாம்.

"முதல்ல தொடவே இல்லேன்னீங்க."

"பயந்துட்டேன்."

"இப்ப சொல்றதாவது நிஜமா? நான் போட்டு அது நிக்கலேன்னா அவன் கை போயிடும். நிஜத்த சொல்லுங்க."

பொய் சொன்ன வாயால் எப்படி நம்பவைப்பது? மாதேஸ்வரன் மேல் சத்தியம் செய்யலாம். பயத்தில் அவரே தப்பாக நினைவு வைத்திருக்கலாமே என்று அவள் கேட்டால்? தன் பொய்யின் கனம் அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

"நான் அடியில படுத்துக்கறேன்" என்றார். "அவர் கைய என் ரெண்டு கையால புடிச்சுக்கறேன். பெட்டி நிக்கலேன்னா என் கையும் சேந்து போகட்டும். நீங்க அமுக்குங்க."

அவள் திரும்பி உள்ளே ஓடினாள்.

சித்தையன் பையை எறிந்துவிட்டு டிரம்முக்கு அடியில் மல்லாக்கப் படுத்தார். சிமெண்டுத் தரை சில்லென்று இருந்தது. முகத்துக்கு மேலே ஒரு முழம் தள்ளி அந்தக் கை. ரத்தம் ஒரு சொட்டு அவர் கன்னத்தில் விழுந்தது. இரண்டு கையாலும் அந்த முன்கையை, சட்டத்துக்கு இந்தப் பக்கமாகப் பிடித்தார். ஜில்லென்று இருந்தது அது. அவர் புறங்கைக்கு மேலே நாலு விரற்கடையில் தகட்டின் விளிம்பு. வேண்டாம் என்று கத்திவிட வேண்டும் போலிருந்தது. பெட்டி நல்லா இருக்குது என்று சொன்னவர் அவர்தான். இப்போது பார்த்து அவருக்கே சந்தேகம் வந்தது. உண்மையிலேயே அமுக்கியதால்தான் நின்றதா? அல்லது அமுக்கியதும் நின்றதும் தற்செயலாக ஒன்றாக நடந்ததா?

"விஜி, கேக்குதா?" மோகனப்ரியா ஃபியூஸ்களைச் செருகிக்கொண்டே கத்தினாள். "பேனல் சரியாத்தான் இருக்கு. பாத்துட்டேன். ரிவர்ஸ்ல ஒரு தட்டு. கை லூஸ் ஆன உடனே உள்ள இழுத்துக்கோ."

உள்ளே அவன் விழித்துக்கொண்டான். வலி திரும்ப வந்திருக்க வேண்டும். "எடுடி! சீக்கிரம் எடு!"

இருவரும் அப்படியே உறைந்துவிட்டார்கள். சித்தையன் கண்ணை இறுக மூடிக்கொண்டார். பெட்டியருகே மோகனப்ரியாவின் விரல் பொத்தானுக்கு ஒரு நூல் தள்ளி நின்றுவிட்டது. எதை எடுக்கச் சொல்கிறான், கையையா, ஃபியூஸையா, மோட்டாரையா?

"அந்த வார்த்தைய யாரும் சொல்லாதீங்க!" அவள் குரல் கிறீச்சிட்டது. "மூணு சொல்லுவேன். மூணுலதான் போடுவேன். ஐயா, ரெடியா?"

"ம்."

"ஒண்ணு. ரெண்டு."

சித்தையன் பிடியை இறுக்கினார்.

"மூணு."

தலைக்குமேல் பிரேக் 'சட்' என்று விட்டது. டிரம் ஓர் இழுப்பு இழுத்தது. அவர் கைக்குள் இருந்த எலும்பு ஏதோ நறநறத்தது, உள்ளே அவன் ஊளையிட்டான். கை விடுபட்டது. சித்தையன் கண் திறக்காமல் மேல்நோக்கித் தள்ளினார். இரும்பு அவர் விரல் முட்டிகளை உரசிக்கொண்டு போனது. டிரம் நின்றது.

நின்றுவிட்டது. அவர் கைகளைக் கண்முன் கொண்டுவந்து விரல்களை எண்ணினார். பத்தும் இருந்தன. படுத்தபடியே அழுதார்.

அதன் பிறகு எல்லாம் விறுவிறுவென்று நடந்தது. விலகிய கதவுவழியாக விஜய்குமாரை இழுத்து வெளியே கிடத்தினார்கள். சித்தையன் தன் துண்டைக் கிழித்து மேற்கையில் கட்டினார். மூன்று விரல்கள் லேசாக அசைந்தன. சுண்டுவிரலும் அதற்கு அடுத்ததும் அசையவில்லை. நூற்றெட்டு வந்தது. வந்தவர் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா கையையே எடுத்திருக்கணும்" என்று கன்னடத்தில் சொன்னார். மோகனப்ரியா அதைத் தமிழில் சித்தையனுக்குச் சொல்லவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது.

அவரையும் யாரோ வண்டிக்குள் ஏற்றிவிட்டார்கள். ஒரு பக்கப் பலகையில் அவள், எதிர்ப்பக்கம் அவர், நடுவில் அவன். சைரன் போட்டுக்கொண்டு வண்டி சுற்றுச்சாலையில் ஏறியது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் விஜய்குமார் பல்லைக் கடித்தான். நல்ல கையால் தடவித் தேடி சித்தையனின் கையைப் பிடித்துக்கொண்டான். வலி வந்தபோதெல்லாம் அந்தப் பிடி இறுகியது.

"ஐயா" என்றான், கண்ணைத் திறந்து. "அடியில நீங்கதானே படுத்திருந்தீங்க? பிரியா சொன்னா. யாரு செய்வாங்க இப்பிடி. முன்ன பின்ன தெரியாதவங்க... உங்களாலதான் ஐயா கை இருக்கு."

சித்தையன் மோகனப்ரியாவைப் பார்த்தார். அவள் கண் அவர்மேலேயே இருந்தது. சொல் என்றும் அது சொல்லவில்லை, வேண்டாம் என்றும் தடுக்கவில்லை. அவள் சொல்லப்போவதில்லை என்பது மட்டும் தெரிந்தது. இவன் தெரியாமலேயே இருந்துவிடுவான். வாழ்நாள் முழுக்க அந்த ஐயா, அந்த ஐயா என்று சொல்லிக்கொண்டிருப்பான். டிரம்முக்கு அடியில் படுத்திருந்தபோதுகூட இவ்வளவு பயம் அவருக்கு இல்லை.

இந்தத் தடவை வார்த்தையைத் தேர்ந்தெடுத்தார். யாருக்கும் தப்பாகப் புரியக் கூடாது.

"தம்பி, நீங்க உள்ள இருக்கறது தெரியாம பச்சைப் பட்டன அமுக்கி மோட்டார ஓட்டினது நாந்தானுங்க. அப்பறம் ரொம்ப நேரம் பொய்யும் சொன்னேன். அதுலதான் இவ்வளவு நேரம் போச்சு."

விஜய்குமார் அவரையே பார்த்தான். கோபம் இல்லை, கேள்வி இல்லை, ஒன்றும் இல்லை. வண்டி ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியது. அவன் வலியில் முகத்தைச் சுளித்தான். சுளித்துக்கொண்டே, தன் நல்ல கையை அவர் கையிலிருந்து மெதுவாக உருவிக்கொண்டான்.